கல்லில் செதுக்கிய குறி புதையலைக் காட்டுமா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்கால் தோண்டும்போதோ, பழைய வீட்டை இடிக்கும்போதோ, கோயில் திருப்பணியின்போதோ குறி செதுக்கிய கல் ஒன்று வெளியே வந்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் புதையல் பேச்சுதான். பாம்பு இருந்தால் பூதம் காக்கிறது என்பார்கள். சூலம் இருந்தால் அடியில் பொன் என்பார்கள். அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையில் இத்தனை அடி தள்ளித் தோண்டச் சொல்வார்கள். இரவோடு இரவாகக் கடப்பாரை போடவும் ஆள் வந்துவிடும். காலையில் பார்த்தால் பொன்னும் இருக்காது, கல்லும் இருக்காது. ஆயிரம் வருடம் மழையிலும் வெயிலிலும் தாங்கி நின்ற கல் ஒரே இரவில் இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல் குறிகளில் மிகப் பெரும்பாலானவை நிலத்துக்கு எல்லை காட்டவும், தானத்தைப் பதிவு செய்யவும், இறந்தவரை நினைவில் வைக்கவும், கல்வேலை செய்தவர்கள் தங்கள் கணக்குக்காகவும் போட்டவை. பொன்னைப் புதைத்து மறைத்தவன், அதே இடத்தில் ஊரே பார்க்கும்படி கல் நட்டு அடையாளம் வைப்பானா? ஆனாலும் ஒரு குறியைப் பார்த்தவுடன் "இது ஒன்றுமில்லை" என்று ஒதுக்குவதும் தவறு. அது என்னவென்று முறையாகப் படிக்க ஒரு வழி இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

பாறையே இல்லாத இடத்துக்குக் கல் எப்படி வந்தது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் காலுக்கடியில் இருப்பது மணலும் களிமண்ணும். தரைக்கு மேலே தலைகாட்டும் பாறை இந்தப் பக்கம் கிடையாது. பாறை பார்க்க வேண்டுமென்றால் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போக வேண்டும். அப்படியானால் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மணலியிலோ கிடக்கும் ஒவ்வொரு பழைய கருங்கல்லும் யாரோ காசு செலவழித்து, வண்டியிலோ படகிலோ ஏற்றிக் கொண்டுவந்தது. சும்மா கொண்டுவந்திருக்க மாட்டார்கள். கோயில் கட்ட, எல்லை நட, கிணற்றுக்குப் படி வைக்க, வீட்டுக்கு வாசற்படி போட, எண்ணெய்ச் செக்கு செய்ய என்று ஏதோ ஒரு காரியம் இருந்திருக்கும். கல்லைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எந்த வேலைக்காக இங்கே வந்தது என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதிக் குறிகள் தாமாகவே விளங்கிவிடும்.

பல்லாவரத்துக் கருங்கல் வகைக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர் அது. நம் பக்கத்துக் கல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றே கருதுகிறார்கள். கல் பயணம் செய்யும் என்பதை மறக்கவே கூடாது. இன்று நிற்கும் இடம் அதன் சொந்த இடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடிந்த மண்டபத்தின் தூண் பக்கத்துத் தெருவில் திண்ணைக்கு முட்டுக் கொடுத்திருக்கும். அப்படி இடம் மாறிய கல்லில் இருக்கும் அம்பு, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திரும்பியிருக்கும். அது காட்டும் திசையை நம்பி அளப்பதில் அர்த்தமே இல்லை.

படி 1: கை வைக்காமல் பதிவு செய்யுங்கள்

கல்லை நகர்த்தாதீர்கள், நிமிர்த்தாதீர்கள், அடியில் தோண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ பெயின்டோ பூசுவதும் வேண்டாம். பாசியைத் தேய்த்து எடுத்தால் அதோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

செய்ய வேண்டியது, முதலில் தூரத்திலிருந்து சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். அப்புறம் நாலு பக்கமும், மேல்முகமும் தெரிய நெருக்கமான படங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் இருப்பிடத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.

வெளிச்சம் முக்கியம். உச்சி வெயிலில் தேய்ந்த செதுக்கல் கண்ணுக்கே படாது. காலை ஏழு மணி வெயிலோ சாயங்கால வெயிலோ பக்கவாட்டில் விழும்போது அதே முகத்தில் கோடுகள் எழுந்து நிற்கும். வசதியான வழி, இருட்டியபின் ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடித்து, இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் மாற்றி மாற்றிப் படம் எடுப்பது. ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கோடு அடுத்த பக்க வெளிச்சத்தில் தெரியும். வெறும் வெடிப்பு எது, உளிக்கோடு எது என்பதும் இதில்தான் பிரியும். வெடிப்பு விட்டுவிட்டு, கல்லின் ரேகையோடு போகும். உளிக்கோட்டுக்குச் சீரான அகலமும் தொடக்கமும் முடிவும் இருக்கும்.

படி 2: உளியா, துளை இயந்திரமா?

கடலரிப்பைத் தடுக்க ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கொட்டியிருக்கும் பாறைகளைப் போய்ப் பாருங்கள். காசிமேடு பக்கத்திலும் திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுகளிலும் பல பாறைகளில் நேராக ஓடும், அரைவட்டமான, வழுவழுப்பான பள்ளங்கள் இருக்கும். அவை குவாரியில் வெடி வைக்கப் போட்ட துளையின் பாதிச் சுவர். மீதிப் பாதி பிளந்துபோன துண்டோடு போயிருக்கும். சிலவற்றில் பெயின்டால் எண்ணும் இருக்கும். இவற்றைப் "பழங்காலக் குறி" என்று படம் எடுத்துப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய முறையில் கல் பிளந்தது வேறு மாதிரி. வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் வெட்டி, அதில் ஆப்பு இறக்கி அடிப்பார்கள். கோயில் கல்லின் ஓரத்தில் பல்வரிசை மாதிரி தெரிவது இந்த ஆப்புக்குழிதான். எண்ணிக்கையில் ரகசியம் எதுவும் இல்லை, கல் எவ்வளவு நீளமோ அவ்வளவு குழி.

செதுக்கலின் உள்பக்க நிறத்தையும் பாருங்கள். வெளிமுகம் கறுத்து, பள்ளத்துக்குள் மட்டும் வெளுப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் அது சமீபத்தில் கீறியது. ஏமாற்றுக்காரர்கள் போட்ட குறியாகக்கூட இருக்கலாம்.

படி 3: குறி எந்த வகை?

இதுதான் மெனக்கெட வேண்டிய இடம்.

சூலம். அதிகமாக உடைபடுவது இந்தக் கல்தான். சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் தானம் கொடுத்தால், அதன் எல்லைகளில் திரிசூலம் செதுக்கிய கல் நடுவார்கள். அது சூலக்கல். பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம் செதுக்கிய திருவாழிக்கல். சமணப் பள்ளியின் நிலத்துக்கு மூன்று குடை செதுக்கிய முக்குடைக்கல். திருவொற்றியூர் போன்ற பெரிய சிவத்தலத்தைச் சுற்றி சூலக்கல் கிடைத்தால் முதலில் நினைக்க வேண்டியது கோயில் நிலத்தைத்தான். ஒரு சூலக்கல் எப்படி இருக்கும்? மண்ணுக்கு மேலே முழங்கால் உயரத்துக்குத் தெரியும், அடிப்பாகம் செதுக்காமல் முரடாக மண்ணுக்குள் இருக்கும். முன்முகத்தை மட்டும் சமப்படுத்தியிருப்பார்கள். நடுவில் நீண்ட தண்டு, அதன் தலையில் மூன்று இலை. நடு இலை நேராகவும் ஓரத்து இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தும் இருக்கும். மேலே ஒரு மூலையில் வட்டம், மறு மூலையில் பிறை. அம்மனாக நினைத்து யாரோ தடவிய மஞ்சளும் குங்குமமும் கோடுகளை அடைத்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தண்டின் இரு பக்கமும் ஓரிரு வரி எழுத்து தெரியலாம். அந்த வரியை யாராவது படிப்பதற்குள் கல்லைப் பெயர்த்துப் போட்டால், எந்த நிலம், யார் கொடுத்தது என்ற விவரம் அதோடு போய்விடும்.

அந்த வட்டமும் பிறையும் சூரியனும் சந்திரனும். "சந்திராதித்தவரை", அதாவது சூரிய சந்திரர் உள்ளவரை இந்தத் தானம் நிலைக்கட்டும் என்பதன் படம். நேரத்தையோ திசையையோ குறிப்பது அல்ல. இவற்றோடு பன்றியும் குத்துவாளும் சேர்ந்திருந்தால் விஜயநகர அரசின் முத்திரை. புலி சோழருக்கும், மீன் பாண்டியருக்கும், வில் சேரருக்கும் உரியவை.

பாம்பு. பின்னிக்கொண்ட இரண்டு பாம்புகள், பெரும்பாலும் அரசமரத்தடியில்: நாகக்கல். பிள்ளை வரம் வேண்டிப் பிரதிஷ்டை செய்வது இன்றும் நடக்கிறது. அதைப் பெயர்ப்பது ஒரு குடும்பத்தின் வேண்டுதலைப் பெயர்ப்பது.

கையில் வில்லோ வாளோ ஏந்திய உருவம் நடுகல். வளையல் அணிந்த கை உயர்ந்திருந்தால் சதிக்கல், உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கானது. இரண்டும் இறந்தவருக்காக நட்டவை.

குழிகள். மண்டபத் தரையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு என்று இருந்தால் பல்லாங்குழி. முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் இருந்தால் ஆடுபுலி ஆட்டம். இதை யந்திரம் என்று சொல்லிப் பூஜை போட்டுக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. வாசற்படிக் கல்லின் ஓரத்தில் ஒற்றை வட்டக்குழி என்றால் கதவின் குடுமி சுழன்ற இடம். தரையில் இடைவெளி விட்டு ஆழமான குழிகள் என்றால் பந்தக்கால் நட்டவை. கல்லின் குறுக்கே துளை போயிருந்தால் கடலோரத்தில் நங்கூரக் கல்லாக இருக்கலாம்.

அம்பும் கோடுகளும். இங்கேதான் வெள்ளைக்காரர் காலத்து விவரம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அடையாளம். அதன் தலைக்கு மேல் படுக்கைக் கோடு இருந்தால் நில அளவைக்காரர்கள் உயரம் குறித்த இடம். கல்லின் தலையில் கூட்டல் குறியோ கோடுகளோ இருந்தால் சர்வே கல். எல்லை எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் கோடு சொல்லும், புதையல் எந்தப் பக்கம் என்று சொல்லாது. கம்பெனிக்காரர்கள் எல்லைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பாரிமுனைக்குப் போங்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் எஸ்பிளனேடின் (கோட்டைக்கு முன்னால் காலியாக விட்ட வெளியின்) எல்லை, 1773 ஜனவரி 1 என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல்தூண் நிற்கிறது. கறுப்பர் நகரம் (இந்தியர் வாழ்ந்த, இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) அதற்குத் தெற்கே வளரக் கூடாது என்று நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது அது.

இணையத்தில் சுற்றும் "புதையல் குறியீட்டு அட்டவணை"களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆமை, இதயம், அம்பு, சிலுவை என்று படம் போட்டு அர்த்தம் எழுதியிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிலிப்பைன்ஸில் தங்கம் புதைத்ததாகச் சொல்லும் கதையையும், அமெரிக்காவில் ஸ்பானியர் விட்டுச் சென்றதாகச் சொல்லும் கதையையும், துருக்கியில் புழங்கும் கதைகளையும் சுற்றி வளர்ந்தவை. அந்த ஊர்களிலேயே அவை நிரூபணமானவை அல்ல. அதைக் கொண்டுவந்து கொருக்குப்பேட்டையில் ஒரு கல்லின் மேல் வைத்துப் பார்ப்பது எந்த விதத்திலும் பொருந்தாது.

படி 4: எழுத்து இருந்தால்

திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயிலைவிட நல்ல பள்ளிக்கூடம் வடசென்னையில் இல்லை. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பிய, பின்பக்கம் யானையின் முதுகு போல் வளைந்த விமானம் அங்கே இருக்கிறது. பல்லவர் காலம் தொடங்கி, தொண்டை மண்டலத்தைப் பிடித்த இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், சோழர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இந்தக் கோயிலுக்கு உண்டு. கோயில் கட்டுமானத்தைச் செய்த தச்சனின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். சுவரோரம் நின்று ஒரு மணி நேரம் எழுத்துகளைப் பார்த்துப் பழகினாலே கண் திறந்துவிடும்.

படிக்க ஆரம்பிப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று வடமொழி எழுதப் புழங்கிய கிரந்த எழுத்தில் தொடங்கினால் தானக் கல்வெட்டு என்று ஏறக்குறைய முடிவே செய்யலாம். "யாண்டு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அரசனின் ஆட்சியாண்டு வரும். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௯௰௬ என்று கண்டால் தொண்ணூற்றாறு. பெரும்பாலும் அது ஆட்டுக் கணக்கு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய நெய் தருவதற்கு "சாவா மூவாப் பேராடு" (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு) தொண்ணூறோ தொண்ணூற்றாறோ விடுவது வழக்கம்.

இரண்டு சொற்கள் ஆளைக் கிளப்பிவிடும். ஒன்று "பொன்", "கழஞ்சு" (பழைய பொன் எடை). கல்லில் இத்தனை கழஞ்சு பொன் என்று இருப்பதைப் படித்துவிட்டு அடியில் அது இருப்பதாக நினைத்துத் தோண்டுகிறார்கள். அந்தப் பொன் அன்றைக்கே ஊர்ச் சபையிடமோ வணிகரிடமோ வட்டிக்குப் போய்விட்டது. வட்டிக்குப் பொலிசை என்று பெயர், அதிலிருந்துதான் விளக்கும் திருவமுதும் நடந்தன. இரண்டாவது, சாபம். "கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம்" கொள்வான் என்ற மாதிரி வரிகள் கடைசியில் வரும். இது பூதக் காவலுக்கான மந்திரம் இல்லை. தானத்தை யாரும் கெடுக்கக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை. அதே இடத்தில் "இத்தன்மம் காப்பான் ஸ்ரீபாதம் என் தலைமேலின" என்றும் இருக்கும். தர்மத்தைக் காப்பவர் யாராயினும் அவர் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவரே வணங்குகிறார். இதைப் படித்தபின் எனக்கு அந்தக் கல்மேல் கடப்பாரை படுவதைத் தாங்க முடிவதில்லை.

மைப்படி எடுப்பதை, அதாவது கல்லில் காகிதம் ஒற்றி மையால் எழுத்தைப் பிரதி எடுப்பதை, தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். நல்ல பக்கவெளிச்சப் படங்கள் இருந்தால் கல்வெட்டு படிப்பவர்களுக்கு அதுவே போதும்.

படி 5: காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

எல்லைக்கல் என்று தோன்றினால் புல எல்லை வரைபடத்தை, பேச்சு வழக்கில் எஃப்எம்பியை, எடுத்துப் பாருங்கள். நகர நில அளவை நடந்த பகுதிகளுக்கு டவுன் சர்வே வரைபடம். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் தாலுகா அலுவலகத்திலும் கிடைக்கும். வரைபடத்தில் வளைவோ முனையோ இருக்கும் இடத்தில் உங்கள் கல் நின்றால் கேள்வி முடிந்தது. சர்வே கல்லைப் பெயர்ப்பதும் குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

நிஜப் புதையல் எப்படிக் கிடைத்தது?

1987-இல் விழுப்புரம் பக்கம் எசாலத்தில் கோயில் திருப்பணியின்போது இராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் திருமேனிகளும் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள், 1.716 கிலோ எடை. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள். எல்லாமே வேறு வேலைக்குத் தோண்டும்போது தற்செயலாக வெளிவந்தவை. குறியைப் படித்துக் கண்டுபிடித்தவை அல்ல.

சென்னையில் ஜனங்கள் பயந்து ஓடிய காலங்கள் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தது, 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை, 1769-இலும் 1780-இலும் ஹைதர் அலியின் படை வந்தது. அப்போது யாராவது நகையைப் புதைத்திருந்தால் தன் வீட்டுக்குள், அடுப்படியிலோ சுவரிலோ, தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில்தான் வைத்திருப்பார்.

தோண்டும் ஆசை வந்தால்

வடசென்னை மண்ணில் பள்ளத்தின் சுவர் நிற்காது, சரிந்து ஆளை மூடும். சில அடியிலேயே தண்ணீர் ஊறும். துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் எண்ணெய்க் குழாய்கள் வேறு பூமிக்கடியில் ஓடுகின்றன. இரவில் திருட்டுத்தனமாகக் கடப்பாரை போடுகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது.

இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு, பலி கேட்கும் பூதம் என்று பேசுபவர் யாராக இருந்தாலும் முன்பணம் கேட்கும் முன்பே எழுந்து வந்துவிடுங்கள். பலி என்ற பேச்சு வந்தால் உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஏதாவது கிடைத்துவிட்டால்

இந்தியப் புதையல் சட்டம், 1878 இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு அல்லது ஏறக்குறைய என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை கொடுக்க வேண்டும். அப்புறம் ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருபவர்களை விசாரிப்பார். உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால், நில உரிமையாளரோடு வேறு உடன்பாடு எதுவும் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு நாலில் ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் செய்யப்பட்ட மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மறைக்க உதவும் நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை.

மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைச் சுற்றி நூறு மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. அதனால் மனு ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு. மீஞ்சூர், காட்டுப்பள்ளி என்றால் திருவள்ளூர் ஆட்சியருக்கு. குறியோ எழுத்தோ இருக்கும் கல் மட்டும் என்றால், எடுத்த படங்களோடும் இருப்பிடக் குறிப்போடும் எழும்பூரில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். கோயில் வளாகத்துக்குள் இருந்தால் செயல் அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து பார்க்கும்வரை கல்லைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.